பாதி படித்த ஆயில் டப்பா

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கடைத்தெருவில் ஒரு பலகையை நானே படித்தேன். பேக்கரிக் கண்ணாடியில் பெரிய எழுத்து. ‘பாஸ்டா’. உள்ளே போய், ஒரு பாஸ்டா கொடு என்று தைரியமாகக் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் முழித்தாள்.

“பாஸ்டாவா? நம்ம கடினா ஊர்ல எந்த இத்தாலிக்காரன் கடை போட்டான்? அது பாஸ்டி, கார்னெட்! பொறந்ததுலேர்ந்து அதத்தானே தின்னுட்டிருக்க!”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டன் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து எங்கள் குடும்பம் தின்பது கறி வைத்து மடித்துச் சுட்ட இந்தப் பாஸ்டிதான். ட்ரெம்பாத் வீட்டுப் பிள்ளைக்குப் பாஸ்டியைப் படிக்கத் தெரியவில்லை.

நூலகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் இதைச் சொன்னபோது ப்ரோன்வின் டீச்சர் சிரிக்கவில்லை. “முதல் பாதியப் பாத்ததும் மீதிய நீங்களே போட்டுக்கறீங்க, கார்னெட். கடைசி எழுத்து வரைக்கும் போங்க.”

போகிறேன், டீச்சர்.

பிப்ரவரி 13

தினம் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். இன்று ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. இருந்தாலும் எழுத்தைப் பாருங்கள், ஒவ்வொன்றும் நிற்கிறது! எழுபத்து மூன்று வயதில் யாருக்கு இந்த அதிர்ஷ்டம்?

பிப்ரவரி 20, வியாழன்

நெரிடா வந்தாள். என் இரண்டு வேலிக்கு அப்பால் இருப்பவள். தானிய லாரி ஓட்டுபவள். இருபது வயதில் வாங்கிய டொரானா கார் ஒன்று அவள் ஷெட்டில் கிடக்கிறது. வெறும் கூடு. துருவெல்லாம் வெட்டி எடுத்து, தகடு வைத்து ஒட்டி, வர்ணமும் அடித்துவிட்டாள். எஞ்சின்தான் இல்லை.

“பாஸ்கவில் பக்கம் ரோலி நான்கிவெல்லு ஒரு எஞ்சின் வச்சிருக்கான், பெருசு. ஊதி வச்ச ஆறு சிலிண்டர். ஃபாக்டரியிலேர்ந்தே ஊதியோட வந்தது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அது இருக்குற காரோட பின்பக்கத்துல மரம் விழுந்துடுச்சு, முன்பக்கம் முழுசா இருக்கு. நீ வந்து சத்தத்தைக் கேட்டுப் பாரு.”

ஊதி என்பது சூப்பர்சார்ஜர். எஞ்சின் தலையில் உட்கார்ந்து காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் பெட்டி.

‘கேட்டுப் பாரு’ என்றாள். இந்தப் பக்கத்தில் யாராவது பழைய எஞ்சின் வாங்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாலரூ படகுத்துறையில் முப்பது வருஷம் எஞ்சின் பார்த்தேன். புத்தகம் படிக்கத் தெரியாததால் காதும் மூக்கும் விரலும்தான் எனக்குப் புத்தகம். டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து முகர்ந்துதான் சொல்வேன். அது கெட்டிக்காரத்தனம் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்குப் படிக்க வராது என்பது என் மனைவி ஐலீனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் இருந்தவரை வெளியே விடவில்லை.

பிப்ரவரி 22, சனி

ரோலியின் பண்ணைக்குப் போனோம். வழியில் எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் நெரிடா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள், அவர்களும் தூக்கினார்கள். இந்த ரோட்டில் விரல் தூக்காதவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் பகைக்காரன்.

காரின் பின்பாதி தட்டையாகக் கிடந்தது. யூக்கலிப்டஸ் கிளை இன்னும் மேலேயே இருந்தது.

“எடுக்கலயா?” என்றாள் நெரிடா.

“அது இல்லன்னா கார் பறந்துடும்” என்றான் ரோலி.

முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்த்தேன். தண்ணீர் போகும் பிளாஸ்டிக் முழங்கைக் குழாய் விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இந்த வகை எஞ்சினில் அது எதிர்பார்த்ததுதான். ஆயில் மூடிக்கு அடியில் பால் போன்ற நுரை இல்லை. அப்படியென்றால் தண்ணீர் உள்ளே கலக்கவில்லை. ரோலி வேறொரு குழாயைக் கட்டி ஸ்டார்ட் செய்தான். நான் கண்ணை மூடினேன்.

மெதுவாக ஓடும்போது முன்னால் ஒரு குலுங்கல். தகர டப்பாவில் கிளிஞ்சல் போட்டு ஆட்டுவது போல. கொஞ்சம் வேகம் கொடுத்தால் நின்றுவிடும்.

“இது எப்பலேர்ந்து?” என்றேன்.

“ரெண்டு வருஷம் இருக்கும். நான் மறைக்கல, கார்ன். நீ கேக்கலன்னாலும் சொல்லியிருப்பேன்.”

அது எஞ்சின் சத்தம் இல்லை. ஊதியின் மூக்குக்குள், அதாவது முன்னால் நீட்டிய முனைக்குள், பெல்ட்டு சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் சேர்க்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு தேய்ந்தால் இப்படிக் குலுங்கும். மாற்றலாம். மூக்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து முகர்ந்தேன். அப்பப்பா! ஊதிக்கென்று தனி ஆயில் உண்டு. அழுகிய மீனும் எரிந்த ரப்பரும் சேர்ந்த நாற்றம். அது நாறினால்தான் சரியான ஆயில்.

சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்தேன். ஆறு சிலிண்டரும் அண்ணன் தம்பி போல ஒரே அளவு. புகை துளியும் இல்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன், எழுதவே சந்தோஷமாக இருக்கிறது. எஞ்சின் மேல் இருந்த ஸ்டிக்கரை நெரிடா முன்னால் சத்தமாகப் படித்தேன். பெட்ரோல் வகை, பெல்ட் போகும் வழி, எல்லாம். அவள் வாயைப் பிளந்தாள்.

“அடேங்கப்பா! வாத்தியாரே!”

ரோலி தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

பிப்ரவரி 23

நெரிடாவோடு பேசி முடிவு செய்தோம். இந்த எஞ்சின் இரும்பு, கனம். டொரானாவின் மூக்கு தாழும், முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், பிரேக்கும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதிக்கும் எஞ்சினியர் கையெழுத்துப் போடமாட்டார். கம்ப்யூட்டர், சாவி, வயர் எல்லாம் அந்தக் காரிலிருந்தே ஒன்றாக எடுக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் மற்றது பேசாது. நல்லது என்னவென்றால், வெளியே வாங்கி மேலே மாட்டிய ஊதி இல்லை இது. ஊதிக்கென்றே செய்த பிஸ்டன். இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை.

“நீ சொல்லு பெருசு. நீ வேணாம்னா வேணாம்.”

“வாங்கு” என்றேன்.

மார்ச் 8, சனி

எஞ்சின் நெரிடாவின் ஷெட்டில், இரும்புச் சட்டத்தில் நிற்கிறது. மூக்கைப் பிரித்து, தேய்ந்த பிளாஸ்டிக்கை மாற்றி மூடினோம். ஆயில் ஊற்றும் நேரத்தில் அவளுக்கு லாரிக்கு அழைப்பு வந்துவிட்டது.

“ஊதி ஆயில் அலமாரியில இருக்கு. நான் வந்து ஊத்தட்டுமா?”

“எனக்குப் படிக்கத் தெரியும்” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக. ஒன்றில் சிவப்பு எழுத்து: சூ-ப்-பர். கண்டுபிடித்துவிட்டேன்! இந்தச் சுளுவான வேலைக்கு எத்தனை வருஷம் மூக்கை நீட்டியிருக்கிறேன். மூடியைத் திறந்து முகரவே இல்லை. முகரத் தேவை இல்லையே. தாராளமாக ஊற்றினேன்.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். நான் படித்து வேலை செய்த முதல் டப்பா. ஐலீன் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 9

ஸ்டார்ட் செய்தோம். குலுங்கல் இல்லை. நீலப் புகை. ஷெட் நிறைய நீலப் புகை.

மார்ச் 10

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். புகை குறையவில்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்த எஞ்சின்தான் இப்படிப் புகைக்கும். ஆனால் அன்று கம்ப்ரஷன் சரியாக இருந்ததே? ஒருவேளை என் கைதான் தளர்ந்துவிட்டதோ?

நெரிடா என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

“உன்னை ஏமாத்தியிருக்கான், பெருசு. கெட்டி ஆயில ஊத்தி வச்சு நாம வர்றப்ப மட்டும் பொகை வராம பண்ணியிருக்கான். காது இருக்குறவனையே ஏமாத்தினான்னா எப்பேர்ப்பட்டவன்!”

“ரோலி அப்படிப்பட்டவன் இல்லையே” என்றேன்.

“மரம் விழுந்த காரை விக்கிறவன் எப்படிப்பட்டவனா வேணா இருப்பான்.”

மார்ச் 15, சனி

பௌல்ஸ் கிளப்பில் புல்லில் பந்து உருட்டும் நாள். நெரிடா விஷயத்தைச் சொல்லிவிட்டாள் போல. ரோலி தன் பந்துகளைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவனோடு ஜோடி சேர ஆள் வரவில்லை. ஒருவன் மட்டும், “ரோலி, உன் பந்துலயும் கெட்டி ஆயில் தடவியிருக்கியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் கொஞ்சம் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 18, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

வீட்டிலிருந்து எதையாவது கொண்டு வந்து வகுப்பில் படியுங்கள் என்று ப்ரோன்வின் டீச்சர் சொல்லியிருந்தார். நான் ஜன்னலில் இருந்த டப்பாவைக் கொண்டு போனேன். பெருமை! எழுந்து நின்றேன். விரலை வைத்து, கடைசி எழுத்து வரைக்கும் போனேன்.

“சூப்பர். பல... தர... பல தரக் கார் எஞ்சின் எண்ணெய்.”

அங்கே நின்றுவிட்டேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க? ரொம்ப நல்லா வருது” என்றார் டீச்சர்.

கார் எஞ்சின் எண்ணெய். சூப்பர் என்பது அதன் பெயர், அவ்வளவுதான். ஊதி என்று எங்கும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் இல்லை. மூக்குக்குள் ஆகாத ஆயிலை, அதுவும் அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன். அது நுரைத்து, ரப்பர் சீல் அடைப்பைத் தாண்டி ஊதிக்குள் இறங்கி, எஞ்சின் அதைக் குடித்து, நீலமாகக் கக்குகிறது. வளையமெல்லாம் நன்றாக இருக்கிறது. ரோலியின் எஞ்சின் நன்றாக இருக்கிறது.

எல்லாரும் கை தட்டினார்கள். வகுப்பு முழுக்க எழுந்து தட்டினார்கள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மணமாக நின்றாலும் இப்படி இருந்திருக்காது.

மார்ச் 19

நெரிடா வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். வேலி வரை போனேன். ஷெட்டில் அவள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

மார்ச் 20

என்னான்னு சொல்லுவேன்? படிக்கத் தெரியும்னு நானே வாயால சொன்னேனே. அவ கேட்டா, நான் வந்து ஊத்தட்டுமான்னு கேட்டா. தெரியாதவனா இருந்தப்ப ஒரு டப்பாவைக்கூட மாத்தி ஊத்தினதில்ல. தெரிஞ்சப்புறம் — சீ.

நாளை சொல்லிவிடலாம்.

மார்ச் 21

சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

கிளப்புக்குப் போகும் வழியில் ரோலியின் பிக்கப் எனக்கு முன்னால் போனது. எதிரே வந்த மூன்று வண்டிக்கும் அவன் விரல் தூக்கினான். ஒருவரும் தூக்கவில்லை. இந்த ரோட்டில் அவன் தாத்தா போட்ட வேலி இருக்கிறது.

கிளப்பில் நேராக என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை.

“கார்ன், நீதானே அன்னிக்கு மீட்டர் வச்ச? பொகை இருந்துச்சா? இல்லைன்னு நீ சொன்னா போதும். உன் பேச்சை எல்லாரும் கேப்பாங்க.”

சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிடா, “ஏமாத்தினவன் சாட்சி வேற கேக்குறான் பாரு” என்றாள்.

“சரியா ஞாபகம் இல்ல, ரோலி” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். “அப்படியா” என்றான். போய்விட்டான்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறு சிலிண்டர். அண்ணன் தம்பி போல. இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். இப்போது அதைப் படிக்கவும் தெரிகிறது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் ட்ரெய்லர் சத்தம். ரோலி நெரிடாவின் வாசலில் ட்ரெய்லரைத் திருப்பிக்கொண்டிருந்தான். எஞ்சினைத் திரும்ப எடுத்துப் போக வந்திருக்கிறான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். எடுத்துப் போனால் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியவராது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் ஜன்னலில் என் கைக்குப் பக்கத்தில் அந்த டப்பா.

எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயசில் ஓட்டம் என்று சொல்ல முடியாது.

“தப்பு செஞ்சவன் மாதிரி திரும்ப எடுக்கல, நெரிடா” என்று ரோலி சொல்லிக்கொண்டிருந்தான். “ஊர் வாயை மூட முடியல. அதான்.”

“ஏதோ ஒண்ணு, எடுத்துட்டுப் போ” என்றாள் அவள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “என்ன பெருசு, மூச்சு வாங்குது?”

டப்பாவைத் தூக்கினேன்.

“நான் படிக்கிறேன், ரெண்டு பேரும் கேளுங்க.”

“இப்ப என்ன படிப்பு?”

விரலை வைத்தேன். சூப்பர். பல தர. கார். எஞ்சின். எண்ணெய். மெதுவாகத்தான் வந்தது.

“இதத்தான் ஊதி மூக்குல ஊத்தினேன்.”

ரோலி ஷெட்டுக்குள் போய், மூக்கின் திருகாணியைக் கழற்றி, விரலை விட்டு முகர்ந்தான். “நாறவே இல்ல” என்றான். இன்னொரு தடவை முகர்ந்தான். “கொஞ்சம்கூட நாறல.”

நெரிடா அலமாரியில் கை விட்டுத் துழாவினாள். பின்னால் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. அதற்குள் கறுப்புப் புட்டி. சீல் உடைக்கவில்லை.

“என்னிக்குத் தெரியும் உனக்கு?” என்றாள்.

“செவ்வாக்கிழமை.”

“அப்ப நேத்து கிளப்புலயே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“என்னைப் பேச விட்ட. அவ்ளோ பேருக்கு முன்னாடி இந்த மனுஷனை நான் கேவலமாப் பேசினேன், நீ அங்க நின்ன.”

“நின்னேன்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரோலியின் பக்கம் திரும்பி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ட்ரெய்லர் சக்கரத்தைப் பார்த்தாள். அவளையும் இந்த இடத்தில் கொண்டு வந்து நிறுத்தியது நான்.

ரோலி எஞ்சினை எடுக்கவில்லை. வெறும் ட்ரெய்லரோடு போனான். போகும்போது என்னிடம், “தப்பா ஊத்தினதுக்கு ஒண்ணுமில்ல, கார்ன். எல்லாரும் ஊத்துவோம்” என்றான். மற்றதைச் சொல்லவில்லை.

மார்ச் 25

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 29, சனி

நெரிடா கிளப்பில் எழுந்து நின்று, ரோலி மேல் தப்பில்லை, தான் சொன்னது பொய் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை. ஒருவன் ரோலியின் பந்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

திரும்பும்போது ரோலி எதிரே வந்தான். நான் விரல் தூக்கினேன். அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

நியாயம்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். ப்ரோன்வின் டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். “இனிமே படிக்க பயமா இருக்கா?” என்றார். இல்லை, டீச்சர். படிக்காமல் நிறுத்துவதற்குத்தான் பயம்.

ஏப்ரல் 5

நெரிடாவின் ஷெட்டில் சத்தம் கேட்கிறது. ஊதியைக் கழற்றிக் கழுவுகிறாள் என்று நினைக்கிறேன். என்னைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 12, சனி

கூப்பிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “யோவ் பெருசு! செத்துட்டியா இருக்கியா?”

ரப்பர் சீல் புதிது. ஊதியின் உள்ளே கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. கீறல் இல்லை. பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பிழைத்துவிட்டது. என் அவசரத்தையும் அது தாங்கியிருக்கிறது.

கறுப்புப் புட்டியை என் கையில் கொடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“படி. முழுசா.”

சூப்பர்சார்ஜர். எண்ணெய். படித்தேன். எவ்வளவு ஊற்ற வேண்டும், எஞ்சின் சமமாக நிற்க வேண்டும், துளையின் கீழ் விளிம்போடு நிறுத்த வேண்டும். கண்ணில் பட்டால் கழுவ வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடக்கூடாது. ஒரு எழுத்தை விடவில்லை. அவளும் விடவில்லை, ஒரு இடத்தில் தாவப் பார்த்தேன், “ம்ம்?” என்றாள், திரும்பிப் போனேன். கடைசி வரி வந்தது.

“குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.”

“கெழவங்களுக்குன்னு போடலயா?” என்றாள்.

“இல்ல.”

“நல்லாப் பாரு.”

பார்த்தேன். அவள் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு.

ஊற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து முகர்ந்தேன். குடலைப் புரட்டியது. எவ்வளவு நல்ல நாற்றம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

புகை இல்லை. குலுங்கலும் இல்லை. மெதுவாக ஓடவிட்டு, வேகம் கொடுத்து, மறுபடி விட்டோம். ஊதி மெல்லச் சீட்டி அடிக்கிறது. நான் வாங்கச் சொன்னது சரியான எஞ்சின்தான்.

ஷெட் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ரோட்டோரம் ஒரு பிக்கப் வந்து நின்றது. ரோலி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, எஞ்சினை அணைக்காமல், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கிளம்பினான்.

போகும்போது விரல் தூக்கினான். நெரிடாவுக்காக இருக்கலாம். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம்.

நானும் தூக்கினேன்.